கல்கத்தாவில் கை நனைத்தோம்

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போகிறவர்கள், காரியம் முடிந்து தாம்பூலம் மாற்றுகின்ற வரையில் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். திண்ணையில் அமர்வார்கள், ஊர்க்கதை பேசுவார்கள், வெற்றிலை போடுவார்கள். இலை போடுகிறோம் என்றால் மட்டும், "இருக்கட்டும், அதற்கென்ன அவசரம்!" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். பகை நேர்ந்த வீட்டிலும் இதே சட்டந்தான். உண்பது நம்மவர்க்கு வெறும் பசி தீர்க்கும் செயல் அன்று. "உன்னை என் மனிதன் என்று ஏற்றுக்கொண்டேன்" என்று வாய் திறவாமல் சொல்லும் வாக்குறுதி அது.

இந்த அளவுகோலைக் கொண்டு நம் நிலையைச் சற்றே பார்ப்போம். 2001ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என்று பெயர் பூண்டிருக்கும் இந்தக் கல்கத்தா மாநகரில் நம் குடும்பங்கள் பத்தும் இருபதும் ஆண்டுகளாக வாழ்கின்றன. இவ்வூர்ச் சம்பளத்தில் சீட்டுக் கட்டுகிறோம். நம் குழந்தைகள் நம்மைவிட நன்றாக வங்காளம் பேசுகின்றனர். ஆயினும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வெளியே உண்ணலாம் என்று புறப்பட்டால், நம் கால்கள் எங்கே செல்கின்றன? நேரே லேக் மார்க்கெட்டுக்கு! அங்கே இட்லி, வடை, காப்பி. வீடு வந்து உறக்கம். ஊரோடு பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது. கை மட்டும் இன்னும் நனையவில்லை.

நம்முடைய கடைகள்

லேக் மார்க்கெட்டைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய அந்த வட்டாரம் இல்லாவிடில் நம்மில் பலர் முதல் மாதமே திரும்ப ரயிலேறியிருப்போம். வாழையிலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை, மல்லிகைச் சரம், கண்ணெதிரே அரைத்துத் தரும் காப்பிப் பொடி ஆகிய இவையெல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும்போது, ஊரை விட்டு ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர் வந்துவிட்டோம் என்பதே சிறிது நேரம் மறந்துபோகிறது. ஆவி பறக்கும் இட்லியைக் கண்டு கண் கலங்கிய பிரம்மசாரிகளை நாம் அறிவோம். அவர்களுள் ஒருவர் இக்கட்டுரையை எழுதுகிறார்.

ஆனால், நிழல் தரும் மரமே சில வேளைகளில் வேலியும் ஆகிவிடுகிறது. "வெளியே சாப்பிட்டோம்" என்று நாம் சொல்லும்போது, உண்மையில் வெளியே போவதேயில்லை. நம் வீட்டுச் சமையலைச் சற்று அதிக விலைக்கு இன்னொரு கூரையின் கீழ் உண்டுவிட்டு வருகிறோம்.

பந்தி விரித்தவர் யார்?

"இது வங்காளிகளின் ஊர், அவர்களுடைய கடைகளில் நமக்கென்ன வேலை?" என்று கேட்பவர் உண்டு. கல்கத்தாவில் பந்தி விரித்தவர்கள் யாவர் என்று பார்த்தால் அந்தக் கேள்வி நிற்காது.

நம் ஆபீஸ் இருக்கும் கார்டன் ரீச்சுக்கு அடுத்தாற்போல மட்டியாபுருஜ் இருக்கின்றது. அவத் நாட்டை ஆங்கிலேயர் பறித்துக்கொண்ட 1856இல், அந்நாட்டு நவாபு வாஜித் அலி ஷா அங்கு வந்து குடியேறி, 1887இல் இறக்கும் வரையில் வாழ்ந்தார். அவருடன் லக்னோ சமையற்காரர்களும் வந்தனர். கல்கத்தாப் பிரியாணியில் முழு உருளைக்கிழங்கு ஒன்று வீற்றிருப்பதன் பூர்வ கதையை அங்கேதான் சொல்கிறார்கள். கையிருப்புக் குறைந்த நவாபு சிக்கனத்துக்காகச் சேர்த்தார் என்பது ஒரு கட்சி. அக்காலத்தில் உருளைக்கிழங்கே அபூர்வமான பண்டம், பெருமைக்காகச் சேர்த்தார் என்பது மறு கட்சி. நம் ஆபீசில் சைவ நண்பர் ஒருவர், "அந்தக் கிழங்கை மட்டும் எடுத்துக் கொண்டால் தோஷமுண்டா?" என்று கேட்டுப் பெரிய விவாதத்தையே கிளப்பிவிட்டார்.

நியூ மார்க்கெட்டிலுள்ள நாஹூம் ரொட்டிக் கடையை 1902இல் தோற்றுவித்தவர் பாக்தாது வழிவந்த யூதர். பார்க் தெருவின் ஃப்ளூரிஸ் 1927இல் சுவிட்சர்லாந்துத் தம்பதியரால் தொடங்கப்பட்டது. டாங்ராவில் ஹக்கா சீனர்கள் தோல் பதனிட்டு வாழ்ந்தனர். தோல் சாலைகள் அங்கிருந்து அகல வேண்டுமென்று 1996இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பின்னர், உணவு விடுதிகளே அவ்விடத்தின் முக்கியத் தொழிலாயின. காலேஜ் தெருவில், பழைய ஆல்பர்ட் ஹாலில், 1942இல் காப்பி போர்டு ஒரு காப்பி ஹவுஸ் திறந்தது. தெற்கத்திய மலைகளில் விளைந்த கொட்டையைத் தேநீர் குடிக்கும் வங்காளத்துக்குப் பழக்குவதற்காக வந்த கடை, வங்காளத்து எழுத்தாளருக்கும் மாணவருக்கும் தாய்வீடு போலாயிற்று. போர்டு கைவிட முனைந்தபோது ஊழியர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து அதை ஏற்று நடத்தினர். அங்கே பால் கலவாத காப்பிக்கு 'இன்ஃப்யூஷன்' என்று பெயர். நம் வீட்டு டிகாக்ஷனுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று கொள்ளலாம்.

பார்க் தெருவையே எடுத்துக்கொள்வோம். 1969இல் அங்குள்ள டிரிங்காஸ் விடுதியில், காஞ்சிபுரம் பட்டும் நெற்றியில் பெரிய பொட்டுமாக மேடையேறி ஆங்கிலப் பாட்டுப் பாடியவர் யார்? பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதூப்! இவ்வூரார் அவரைத் தம்மவராகவே ஏற்றுக்கொண்டனர். கல்கத்தாவின் பந்தியில் பலர் வெளியிலிருந்து வந்து இலை போட்டவர்களே. நாம் மட்டும் ஏன் வாசற்படியில் நிற்க வேண்டும்?

ஆசனம் கிடைத்த கதை

உணவு விடுதியில் காசு கொடுத்தால் ஆசனம் கிடைக்கும் என்பது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. அது எளிதில் கிடைத்ததன்று. ரயில்வேக்காரர் இதை மறக்கலாகாது. வடக்கே ரயில் நிலையங்களில் 'இந்து நீர்', 'முகம்மதியர் நீர்' என்று தனித்தனியே கூவி வழங்கிய காலம் இருந்தது. தெற்கே நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், ஏனையோருக்கு வேறிடம் என்று பிரித்து வைத்திருந்தனர். பெரியார் முதலியோரின் இடைவிடாத கிளர்ச்சிக்குப் பின் 1941இல் அது ஒழிந்தது. 1957இலும்கூட, ஓட்டல் பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் இருப்பதை எதிர்த்துச் சென்னை திருவல்லிக்கேணியில் அவர் மறியல் நடத்த வேண்டியிருந்தது.

1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் எந்தக் குடிமகனையும் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டித் தடுத்தலாகாது என்று கூறுகின்றது. கடைசியாக நிற்கும் சொற்களைக் கவனியுங்கள்: பிறந்த இடம். ஊர் விட்டு ஊர் வந்த நமக்காகவே எழுதி வைத்தாற்போல் இல்லையா?

பெண்டிருக்கு ஆசனம் கிடைத்தது இன்னும் மெதுவாக. வடகல்கத்தாவில் 'கேபின்' என்று பெயர் தாங்கிய பழைய சிற்றுண்டிச் சாலைகள் உண்டு. திலகுஷா கேபின், வசந்தா கேபின் என்பன போல. மரத்தடுப்பும் திரைச்சீலையும் இட்ட சிற்றறைகளே அந்தப் பெயருக்குக் காரணம். பிறர் பார்வை படாமல் பெண்கள் அமர்ந்து உண்ண அவை உதவின. நம் ஊர் ஓட்டல்களின் 'ஃபேமிலி ரூம்' இதற்கு உடன்பிறப்பு. திரை பெரும்பாலும் விலகிவிட்டது. ஆனால் நம் வீட்டுக்குள்ளே ஒரு திரை இன்னும் தொங்குகிறது: ஆண்கள் நண்பர்களுடன் ஊரெங்கும் உண்டு வருவார்கள், பெண்களும் முதியோரும், "எங்களுக்கு எதற்கு அதெல்லாம்!" என்று சொல்லப் பழகியிருப்பார்கள். ரயில்வேயில் எஞ்சினுக்குக்கூட ஓய்வு உண்டு, பழுது பார்ப்பு உண்டு. நம் வீட்டு அடுப்படிக்கு மட்டும் அட்டவணையில் ஓய்வு நாள் இல்லை.

பைஸ் ஓட்டல்

நாம் இவ்வூருக்கு வந்த புதிதில் நமக்கு முதலில் ஆசனம் தந்தது ஒரு பைஸ் ஓட்டல். புதியவர்களுக்காக இதைச் சற்று விளக்குவோம். ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா என்றிருந்த காலத்தில், ஒவ்வொரு பண்டத்தையும் பைசாக் கணக்கில் விற்றதால் இவை 'பைஸ்' ஓட்டல்கள் ஆயின. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து பழைய பைசா போயிற்று, பெயர் போகவில்லை. கிராமங்களிலிருந்து வந்து மெஸ் வீடுகளில் தங்கிய குமாஸ்தாக்களும் மாணவர்களுமே இவற்றை வாழ வைத்தவர்கள். அதாவது, நம் இனத்தார்! காலேஜ் தெருப் பக்கத்திலுள்ள சுவாதீன் பாரத் இந்து ஓட்டலை நிறுவியவரும் ஒடிசாவிலிருந்து வந்தவரே. 'சுவாதீன் பாரத்' என்னும் சொற்கள் நாடு விடுதலை பெற்ற பிறகு பெயரில் ஏறின.

நம் ஊர்ச் சாப்பாடு என்றால் ஒரே விலை. சாம்பாரும் சோறும் கேட்கக் கேட்க வரும். பைஸ் ஓட்டலின் நீதி வேறு. சோற்றுக்குத் தனி விலை, பருப்புக்குத் தனி, கறிக்குத் தனி, எலுமிச்சைத் துண்டுக்குத் தனி, வாழையிலைக்குங்கூடத் தனிக்காசு. "இலைக்குமா காசு?" என்று முதல் நாள் நாம் திகைத்தோம். பின்னர் உண்மை விளங்கிற்று. மூன்று கறி உண்ண இயலாதவன் ஒரு கறியோடு உண்டு, தலை நிமிர்ந்து எழுந்து போகலாம். தான் உண்ணாததற்குக் காசு தர வேண்டியதில்லை. கஞ்சத்தனமாகத் தோன்றியது, உண்மையில் ஏழைக்குச் செய்த மரியாதை. பரிமாறுபவர் அன்றைய பண்டங்களை ஒரே மூச்சில் ஒப்பிப்பார். நாம் உண்டதையெல்லாம் மனத்தில் கூட்டி, கை கழுவப் போகும்போது கல்லாவை நோக்கித் தொகையைக் கூவுவார். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நாம் எத்தனையோ முறை சரி பார்த்திருக்கிறோம். ஒரு தடவையும் பிசகியதில்லை.

இவ்வூரில் ஒவ்வொரு பருக்கைக்கும் கணக்கு இருப்பதற்கு வேறொரு நினைவும் துணை செய்கிறது. 1943இல் வங்காளப் பஞ்சம் வந்தபோது, கிராமத்து மக்கள் கூட்டங்கூட்டமாக இந்நகரத் தெருக்களுக்கு வந்து, சோறு கேட்கத் துணியாமல், 'ஃபேன்', அதாவது வடிகஞ்சி தாருங்கள் என்று வீடு வீடாக இரந்தனர். மாண்டவர் ஏறக்குறைய 30 லட்சம் என்று, சிறுவனாக அந்தக் காட்சியைக் கண்ட பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் கணக்கிட்டார். அந்நாளில் அத்தியாவசியத் தொழிலாளர் என்று முன்னுரிமை பெற்று உணவுப் பொருள் பெற்றவர்களுள் ரயில்வே ஊழியரும் உண்டு. நம் தொழிலின் முன்னோர் உண்டனர். வாசலில் நின்றவர் உண்ணவில்லை. அதை எண்ணும்போது இலையில் மிச்சம் வைக்க மனம் வருவதில்லை.

திரிந்த பால்

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருவோம். சென்ற தை மாதத்தில் நம் தாயார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து முதன்முறையாக இங்கு வந்தார். தந்தையார் மறைந்தது முதல் வெளியில் எங்கும் கை நனைக்காதவர். சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் இரண்டு இரவுகள். கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், வீட்டிலிருந்தே பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீருமாக வந்து இறங்கினார். வந்த மறுநாளே அடுப்படியைக் கைப்பற்றிக் கொண்டார். "உன் வீட்டைப் பார்த்தாச்சு, பேரப்பிள்ளைகளைப் பார்த்தாச்சு, காளி கோயிலும் பார்த்தாச்சு. இன்னும் என்னய்யா இருக்கு?" என்றார்.

ஒரு ஞாயிறு காலை, நம் இல்லாளும் குழந்தைகளும் உடன்வர, வடகல்கத்தாவிலுள்ள பழைய மிட்டாய்க் கடை ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றோம். காலை வேளையில் அங்கே கச்சூரியும் உருளைக்கிழங்குக் கறியும் உண்டு. எண்ணெயில் கச்சூரி உப்பியெழும்போது எழுந்த மணத்தைத் தாயார் இரண்டு முறை முகர்ந்தார்.

"பெருங்காயமாய்யா?"

"ஆமாம் அம்மா. பெருங்காயம் சேர்த்த கச்சூரி. பிழைப்பே மிட்டாய்தான், மீன் இந்த வாசலுக்கே வராது."

தைத்த இலைத் தொன்னையில் வைத்துத் தந்ததும், எச்சில் பாத்திரம் என்ற கவலையும் ஒழிந்தது. ஒரே ஒரு கச்சூரி உண்டார். இல்லாள் நம்மைப் பார்த்தாள். நாம் இல்லாளைப் பார்த்தோம். பேச்சுக் கொடுத்தால் மனம் மாறிவிடுமோ என்று இருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்து ரசகுல்லா வந்தது. அங்கேதான் வண்டி நின்றுவிட்டது. எதனால் செய்தது என்று தாயார் கேட்டார். நாமும் வரலாற்றுப் புலமையைக் காட்ட எண்ணி, பாலைக் காய்ச்சிப் புளிப்பு விட்டுத் திரியச் செய்து, துணியில் கட்டி நீர் வடித்தால் கிடைப்பது சானா; அதைப் பிசைந்து உருட்டிப் பாகில் வேக வைத்தால் ரசகுல்லா; பாக்பஜாரைச் சேர்ந்த நொபின் சந்திர தாஸ் 1868இல் இந்தப் பஞ்சு போன்ற உருண்டையைச் செய்து புகழ் பெற்றார் என்றெல்லாம் அடுக்கினோம். தாயாரின் காதில் ஒரு சொல்தான் விழுந்தது.

"திரிஞ்ச பாலா! திரிஞ்ச பாலுக்கா இத்தனை கூட்டம்?"

தாய்மார்கள் அறிவார்கள், நம் வீடுகளில் பால் திரிந்தால் அபசகுனம். மிஞ்சினால் சர்க்கரை போட்டுக் கிளறிக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள். சாமிக்கு வைப்பதும் விருந்தாளிக்கு வைப்பதும் எண்ணிப் பார்க்கவும் கூடாதவை. பாலைத் திரியச் செய்வது வடநாட்டிலும் ஆகாத காரியமாகவே கருதப்பட்டதென்றும், போர்த்துகீசியரின் பாலாடைக்கட்டிப் பழக்கத்தாலேயே வங்காளத்தில் சானா பரவியதென்றும் உணவு வரலாற்று அறிஞர் கே. டி. அச்சயா எழுதியிருக்கிறார், மறுப்போரும் உளர். நாம் இதையும் சொன்னோம். "அப்போ நான் சொன்னது சரிதானே!" என்று கூறி, தாயார் தம் பங்கைப் பேரனுக்குத் தள்ளிவிட்டார்.

திரும்பும் வழியில் நம் பழைய பைஸ் ஓட்டலின் வாசலில் நின்றோம். அங்கே பரிமாறும் முதியவர் நமக்கு 'தாதா'. இவ்வூரில் அதற்கு அண்ணன் என்று பொருள். நம் ஊர்த் திரைப்படத்து தாதா அல்லர். பாலேசுவரத்துக்காரர். நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதல் சம்பளம் வரத் தாமதமான நாட்களில், கல்லாவை நோக்கித் தொகையைக் கூவாமல், தம் சிறிய நோட்டில் எழுதிவைத்துக் கொண்டவர். அவரை அறிமுகம் செய்து வைத்தோம். மீன் சமைக்கும் இடம். ஆகையால் தாயார் படியேறவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. ஒரு நாற்காலியை வெளியே கொண்டுவந்து போட்டு, "மாசிமா, உட்காருங்கள்" என்றார். மாசிமா என்றால் சித்தி, பெரியம்மா முறை. பிறகு, அதுவரை யாரும் பயன்படுத்தாத புதிய மண்குவளையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நம் தாயார் அந்தக் குவளையை ஒரு கணம் பார்த்தார். பின்னர் வாங்கி, அண்ணாந்து குடித்தார்.

ரசகுல்லாவின் கதையைக் கேட்டு தாதா சிரித்தார். பூரியில் ஜகந்நாதர் தேர்த்திருவிழா முடிந்து கோயிலுக்குத் திரும்பும்போது, தம்மை விட்டுப் போனாரென்று கோபித்த லட்சுமி தேவி கதவைச் சாத்திக் கொள்கிறாள். அவளைச் சமாதானம் செய்ய ஜகந்நாதர் ரசகுல்லாவைத்தான் கொடுக்கிறார் என்று தம் ஊர் வழக்கத்தைச் சொன்னார். 'நீலாத்ரி பிஜே' என்று இந்நிகழ்ச்சிக்குப் பெயர். ரசகுல்லா யாருடையது என்று இரண்டு மாநிலங்களும் வழக்காடி, 2017இல் 'பாங்களார் ரசகுல்லா'வுக்கும் 2019இல் 'ஒடிசா ரசகோலா'வுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு பெற்றதை வாசகர் அறிவர். நாம் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, தாயார் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாமியே கொடுத்தாராமா?" என்றார். சிறிது நேரங் கழித்து, "மகாலட்சுமி வாங்கிக்கிட்டாளாமா?" என்றார்.

உள்ளேயிருந்து வாழைப்பூக் கறியின் மணம் வந்தது. 'மொச்சார் கொண்டோ' என்பர் அதை. மீனும் வெங்காயமும் பூண்டும் மறுக்கப்பட்ட வங்காள விதவைகள், எஞ்சியிருந்த வாழைப்பூ, வாழைத்தண்டு, கசகசா, கீரை, காய்த்தோல் ஆகியவற்றைக் கொண்டே ஒரு பெரிய சைவச் சமையற்கலையை வளர்த்தனர் என்பது இந்நாட்டு வரலாறு. தாதா அதைத் தம் வழியில் சொன்னார்: "இது எங்கள் கிழவிகள் கண்டுபிடித்தது, மாசிமா. அவர்களுக்குப் பந்தியில் இடமில்லை. இப்போது பந்தியில் இது இல்லாமல் முடியாது." நாம் இதை மொழிபெயர்த்தபோது தாயார் ஒன்றும் பேசவில்லை. பின்பு, தேங்காய் எவ்வளவு, சீரகம் உண்டா, தாளிப்பு முன்னா பின்னா என்று ஒவ்வொன்றாக விசாரிக்கத் தொடங்கினார்.

அடுத்த நாள் லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்கி அவரே அதைச் சமைத்தார். ஒரு கிண்ணத்தில் வைத்து, தாதாவுக்குக் கொடுத்துவிட்டு வரும்படி நம்மை அனுப்பினார். தாதா நின்றபடியே உண்டு பார்த்து, "எல்லாம் சரி, கடுகெண்ணெய் இல்லையே!" என்று தலையை ஆட்டினார். ஆனால் கிண்ணத்தை வழித்துவிட்டுத்தான் தந்தார். அன்று மாலை, தாயார் தாமாகவே ரசகுல்லா வாங்கி வரச் சொன்னார். முதலில் சாமி படத்துக்கு முன் வைத்தார்; பிறகு உண்டார். "பஞ்சை நனைச்சுத் தின்ன மாதிரி இருக்கு. கருப்பட்டி போட்டது கிடையாதா?" என்று கேட்டார். தை மாதமல்லவா! ஈச்சமரத்துப் பதநீரைக் காய்ச்சிய புது வெல்லம் சேர்த்த சந்தேஷை மறுநாள் வாங்கித் தந்தோம். அதற்கு அவர் தந்த மதிப்பெண் ரசகுல்லாவைவிட அதிகம்.

சில குறிப்புகள்

நம் அன்பர்களுக்கு அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லி முடிப்போம். சைவர்கள் 'நிராமிஷ்' என்ற சொல்லை மறவாமல் சொல்ல வேண்டும். பருப்பிலும் மீன்தலை போடும் வழக்கம் உண்டாதலால், பருப்பையும் கேட்டே வாங்குக. கசப்பான சுக்தோவில் தொடங்கி இனிப்பில் முடிப்பது இவர்கள் முறை. இலைநுனியில் பாயசம் வைத்துத் தொடங்கும் நமக்கு இது தலைகீழாகத் தோன்றினும், ஒரு தடவை அவர்கள் வரிசையிலேயே உண்டு பார்க்கலாம். ஈச்ச வெல்லப் பண்டங்கள் குளிர் மாதங்களுக்கே உரியவை. சானா இனிப்புகள் விரைவில் கெடுமாதலால் அன்றன்று செய்ததையே வாங்குக. ஊருக்கு எடுத்துப்போக டின்னில் அடைத்த ரசகுல்லா ஏற்றது. கடையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய விடுதிகளில் சேவைக் கட்டணம் என்று தாமாகவே சேர்த்திருந்தால், 2022இல் வெளியான நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறையைச் சொல்லி நீக்கும்படி கேட்கலாம். ஆனால் அப்படி மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதியைப் பரிமாறியவர் கையில் கொடுக்க மறவாதீர்கள். 14 வயது நிரம்பாத பிள்ளை மேசை துடைப்பதைக் கண்டால் பேசாமல் வந்துவிடாதீர்கள். ஓட்டல்களில் அவர்களை வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் முதலே சட்ட விரோதம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாதம் ஒரு ஞாயிறு போதும். பெரிய செலவு வேண்டாம்; காலைக் கச்சூரியும் ஆளுக்கொரு சந்தேஷும் போதும். "எங்களுக்கு எதற்கு அதெல்லாம்!" என்று சொல்லும் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். அவரை முதலில் அழைத்துச் செல்லுங்கள். அன்று அடுப்புக்கும் விடுமுறை கிடைக்கும்.

நம் தாயார் பங்குனியில் ஊர் திரும்பினார். சென்ற மாதம் தொலைபேசியில் பேசியபோது, வெயிலுக்குப் பால் திரிந்துவிட்டதாம். கொட்டாமல் துணியில் கட்டி உருட்டிப் பாகில் போட்டாராம். உருண்டைகள் கோலிக்குண்டு போல ஆகிவிட்டனவாம். பக்கத்து வீட்டார் என்னவென்று கேட்டதற்கு, "இது கல்கத்தாப் பலகாரம், உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டாராம். தாதாவிடம் இதைக் கூறினோம். பாகு முற்றிவிட்டது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். மாசிமா மறுபடி எப்போது வருவார் என்றும் கேட்டார். வருகின்ற தை மாதத்துக்கு நாம் விடுமுறை எழுதிக் கொடுத்திருக்கிறோம்.